கல்லாவில் பில் நின்றால் கோளாறு எந்தப் பக்கம்?



இரவு கணக்கு முடிக்கும்போது கல்லாவில் 450 ரூபாய் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் என்ன செய்வோம்? முதலில் ரொக்கத்தை மறுபடி எண்ணுவோம். அடுத்து அன்றைய சிட்டைகளைப் புரட்டுவோம். மதியம் எண்ணியபோது சரியாக இருந்தது என்றால், மதியத்துக்குப் பிறகு நடந்ததை மட்டும் பார்ப்போம். அரை மணி நேரத்தில் பிழை அகப்பட்டுவிடும். இந்த வழியை நமக்கு யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை. கடையில் நின்றே கற்றுக்கொண்டோம்.

ஆனால் அதே கடையில் கம்ப்யூட்டர் பில் நின்றுவிட்டால் நமக்குக் கையும் ஓடுவதில்லை, காலும் ஓடுவதில்லை. எல்லாப் பெட்டிகளையும் அணைத்துப் போடுகிறோம். சர்வீஸ்காரருக்குப் பத்து முறை போன் செய்கிறோம். கடையில் யாராவது ஒருவர் மேல் எரிந்து விழுகிறோம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். அதற்கு என்ன விலை கொடுத்தோம், பிறகு என்ன கற்றுக்கொண்டோம் என்பதைச் சக வியாபாரிகளுக்குச் சொல்லலாம் என்றுதான் இதை எழுதுகிறோம்.

ஒன்றரை நாள் நின்ற வியாபாரம்

2019-ஆம் ஆண்டு தீபாவளிக்கு எட்டு நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை. காலை 11 மணி. மளிகை மொத்த வியாபாரத்தில் அது எப்படிப்பட்ட நேரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடலைப் பருப்பும், மைதாவும், எண்ணெய் டின்னும் ஏற்றிக்கொண்டு போக வெளியூர் வண்டிகள் வாசலில் வரிசையாக நிற்கின்றன. எங்கள் கடையில் ஐந்து கம்ப்யூட்டர்கள். பில் போட இரண்டு, கணக்குக்கு ஒன்று, பின்கட்டுக் கிட்டங்கியில் ஒன்று, எல்லாக் கணக்கும் அடங்கிய மெயின் கம்ப்யூட்டர் ஒன்று. திடீரென்று பில் போடும் இரண்டும் உறைந்து நின்றுவிட்டன. பிறகு கிட்டங்கி. கணக்குப் பார்ப்பவர் தம்முடையதும் நின்றுவிட்டது என்றார்.

அணைத்துப் போட்டோம். இரண்டு நிமிடம் வருவதுபோல் வந்து மறுபடி நின்றது. போனில் பேசிய சர்வீஸ்காரர், "மெயின் கம்ப்யூட்டர் போயிருக்கும் அண்ணாச்சி, புதிதுதான் போட வேண்டும்" என்று 62,000 ரூபாய் கணக்குச் சொன்னார். பென் டிரைவ் செருகி வைரஸை உள்ளே விட்டது நீர்தானே என்று, எங்களிடம் 22 வருடமாகக் கணக்குப் பார்ப்பவரை எல்லார் முன்னிலையிலும் சத்தம் போட்டோம். அவர் பதில் பேசவில்லை.

அன்று முழுவதும் கை பில். விலைகள் எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருந்ததால் பழைய விலை, புதிய விலை எல்லாம் குழம்பிப் போயிற்று. காத்திருக்க முடியாத இரண்டு சில்லறைக் கடைக்காரர்கள் வேறு கடைக்குப் போனார்கள். அதில் ஒருவர் அடுத்த வாரம் வந்துவிட்டார். இன்னொருவர் இன்றுவரை திரும்பவில்லை.

ஞாயிறு மாலை வேறோர் இடத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். கம்ப்யூட்டர் எதையும் அவர் தொடவில்லை. மேஜைக்கு அடியில் குனிந்து, எல்லா வயரும் வந்து சேரும் சின்னப் பெட்டியைப் பார்த்தார். அதில் எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் வெறி பிடித்ததுபோல் மின்னிக்கொண்டிருந்தன. ஒரு வயரைப் பிடுங்கினார். மாற்றமில்லை. திரும்பச் செருகிவிட்டு அடுத்ததைப் பிடுங்கினார். மூன்றாவது வயரைப் பிடுங்கியதும் விளக்குகள் அமைதியாயின. "இப்போது பில் போட்டுப் பாருங்கள்" என்றார். பில் வந்தது.

அந்த வயரின் மறுமுனையும் அதே பெட்டியில்தான் செருகியிருந்தது. முந்தின வாரம் ஒரு பிரிண்டரை இடம் மாற்றியபோது, அதன் வயர் ஒரு முனை பெட்டியிலும் மறுமுனை தரையிலுமாகக் கிடந்திருக்கிறது. சனிக்கிழமை காலை பெருக்கிய பையன், 'கழன்று கிடக்கிறதே, முதலாளிக்கு உதவியாக இருக்கும்' என்று காலியாக இருந்த துளையில் செருகிவிட்டான். தான் செருகிய பிறகுதான் பில் நின்றது என்ற சந்தேகம் அவனுக்கு மதியமே வந்துவிட்டது. ஆனால் 22 வருடம் வேலை பார்த்தவருக்கே அந்த வசவு என்றால் தனக்கு என்ன கிடைக்கும் என்று வாயைத் திறக்கவில்லை.

வயரை மாட்டியதால் நின்றது ஒரு மணி நேரமாக இருந்திருக்கும். மற்ற ஒன்றரை நாளும் எங்கள் கோபத்தால் நின்றது. கணக்குப் பார்ப்பவரிடம், சத்தம் போட்ட அதே இடத்தில், எல்லார் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்துக்கொண்டோம்.

சுவிட்ச் எது, ரவுட்டர் எது?

கோளாறு பார்க்க வேண்டுமானால் இந்த இரண்டு பெட்டிகளின் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு நம் தொழிலே போதும்.

மேஜைக்கு அடியில் இருக்கும் அந்தப் பெட்டிக்குப் பெயர் சுவிட்ச். விளக்குப் போடும் சுவிட்ச் வேறு, இது வேறு. இது கடைக்குள் சிட்டை கொண்டுபோய்க் கொடுக்கும் பையனைப் போன்றது. எந்தத் துளையில் எந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று, வருகிற செய்திகளைப் பார்த்துத் தானே மனப்பாடம் செய்துகொள்ளும். ஆள் இருக்கும் இடம் தெரிந்தால் நேரே கொண்டுபோய்க் கொடுக்கும். தெரியாவிட்டாலோ, எல்லாருக்கும் பொதுவான அறிவிப்பு என்றாலோ, எல்லாத் துளைகளிலும் கூவிச் சொல்லும்.

ஒரே வயரின் இரு முனையும் அதே பெட்டியில் இருந்தால், ஒரு முனையில் கூவியது மறுமுனை வழியாக உள்ளே வரும். அதைப் புதுச் செய்தி என்று நினைத்து மறுபடி கூவும். கூவல் கூவலைப் பெற்று, நொடிக்குள் பெட்டி முழுவதும் அதுவே நிறைந்துவிடும். நம் பில் போக வழியிருக்காது. அணைத்துப் போட்டாலும் வயர் அப்படியேதான் இருக்கிறது, ஆகவே கோளாறும் அப்படியே இருக்கும். கடையில் ஒரு சுவிட்சிலிருந்து இன்னொரு சுவிட்சுக்கு இரண்டு வயர் போனாலும் இதே கதைதான்.

இதற்கு மாற்றாக, வீண் சுற்றுப் பாதையைத் தானே கண்டுபிடித்து அடைத்துவிடும் முறையை 1985-இல் ராடியா பெர்ல்மன் என்ற அம்மையார், அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் பணியாற்றியபோது உருவாக்கினார். அந்த வசதி விலை கூடிய சுவிட்சுகளில் இருக்கும். நம் கடைகளில் மாட்டும் மலிவான சின்னப் பெட்டிகள் பலவற்றில் இருக்காது. வாங்கும்போது கேட்டு வாங்குவது நல்லது. அந்த வசதி இருந்தாலும் அளவுக்கு மீறி வயரை நீட்டிக்கொண்டே போனால் பயனில்லை. 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றில் இப்படிச் செய்திகள் சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க் முடங்கி, சில நாட்கள் எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதி வேலை பார்த்தார்கள்.

ரவுட்டர் என்பது லாரி புக்கிங் ஆபீஸ். சரக்கு இந்த ஊருக்குள் என்றால் அதற்கு அங்கே வேலையில்லை. வெளியூர் என்றால் அங்கேதான் போக வேண்டும். நம் ஊர் புக்கிங் ஆபீஸுக்கு நாக்பூரில் உள்ள தெரு தெரியாது. அடுத்த பெரிய ஊரில் எந்த ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும் என்பது மட்டும் தெரியும். அந்த ஆபீஸ் அடுத்ததற்கு அனுப்பும். இன்டர்நெட்டும் இப்படித்தான் நடக்கிறது. வழி தவறிச் சுற்றாமலிருக்க ஒவ்வொரு செய்தியிலும் ஓர் எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அதில் ஒன்று குறையும். பூஜ்யம் ஆனதும் செய்தியைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். கடைக்குள் சுவிட்சில் ஓடும் செய்திக்கு அந்தக் கணக்கு கிடையாது. அதனால்தான் அங்கே கூவல் ஓயாமல் சுற்றுகிறது.

அருகிலிருந்து தொலைவுக்கு

இந்த இரண்டும் புரிந்துவிட்டால், கோளாறு பார்ப்பது கல்லாக் குறைவைத் தேடுவது போலத்தான். கைக்கு அருகே உள்ளதை முதலில் பார்த்து, ஒவ்வொரு படியாகத் தொலைவுக்குப் போக வேண்டும்.

முதல் படி, கேள்வி கேட்பது. ஒரு கம்ப்யூட்டர் மட்டுமா, எல்லாமுமா? பில் மட்டும் நின்றதா, இன்டர்நெட்டும் நின்றதா? நேற்று எப்படி இருந்தது? இன்று யார் எதைத் தொட்டார்கள்? ஒன்று மட்டும் நின்றால் கோளாறு அந்தக் கம்ப்யூட்டரிலோ அதன் வயரிலோ. எல்லாமும் நின்றால் எல்லாருக்கும் பொதுவான பெட்டியைப் பாருங்கள். கடைக்குள் பில் வருகிறது, இன்டர்நெட் மட்டும் இல்லை என்றால் சுவிட்சை விட்டுவிட்டு ரவுட்டர் பக்கம் போங்கள்.

இரண்டாம் படி, கண்ணால் பார்ப்பது. கரண்ட் வருகிறதா? வயர் செருகிய துளையில் விளக்கு எரிகிறதா? முனையில் உள்ள பிளாஸ்டிக் நாக்கு உடைந்து வயர் தளர்ந்திருக்கிறதா? மளிகைக் கடையில் எலிக்குப் பஞ்சமில்லை. வயரை நெடுகத் தடவிப் பாருங்கள். மாவும் மிளகாய்த் தூளும் படியும் இடத்தில் சுவிட்சை வைக்காதீர்கள். இந்த வயரை 100 மீட்டருக்கு மேல் ஒரே நீளமாக இழுக்கக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

மூன்றாம் படி, முகவரி பார்ப்பது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஐ.பி. என்று ஓர் எண் முகவரி உண்டு. கறுப்புத் திரையைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் தெரியும். கடைகளில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், முகவரி கொடுக்க வேண்டிய ரவுட்டரிடமிருந்து பதிலே வராமல் கம்ப்யூட்டர் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அப்போது வயரையும் சுவிட்சையும் ரவுட்டரையும் பார்க்க வேண்டும்.

நான்காம் படி, கூப்பிட்டுப் பார்ப்பது. அதே கறுப்புத் திரையில் 'பிங்' என்று தட்டி, ஓர் இடம் விட்டு, எண்ணைத் தட்டினால் அந்த எண்ணுக்குரிய பெட்டி பதில் சொல்லும். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த மைக் மூஸ் என்பவர், ஒரு நெட்வொர்க் கோளாறைத் தேடுவதற்காகவே இந்தச் சிறு நிரலை எழுதினார். நீர்மூழ்கிக் கப்பலைத் தேட ஒலி அனுப்பி எதிரொலி கேட்பார்களே, அந்த ஓசையைத்தான் பெயராக வைத்தார். முதலில் கடை ரவுட்டரின் எண்ணைக் கூப்பிடுங்கள். பதில் வந்தால் கடைக்குள் வழி சரி. அடுத்து வெளியே 8.8.8.8 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். பதில் வந்தால் இன்டர்நெட் லைனும் சரி. எண்ணைக் கூப்பிட்டால் பதில் வருகிறது, பெயரைத் தட்டினால் மட்டும் வரவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்ற டைரக்டரியில்தான் கோளாறு.

ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பல, பாதுகாப்புக்காக இந்தக் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். கதவைத் தட்டினால் திறக்கவில்லை என்பதற்காக உள்ளே ஆள் இல்லை என்று முடிவு கட்ட முடியுமா? நன்றாக ஓடும் நாளிலேயே எது எது பதில் சொல்கிறது என்று பார்த்து எழுதி வைத்துக்கொண்டால், ஓடாத நாளில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

எல்லாப் படிகளுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியும் பயனில்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால், சரியானாலும் எதனால் சரியாயிற்று என்று தெரியாது. சரியாகாவிட்டால் இரண்டு கோளாறு நான்காகிவிடும்.

இரண்டு பேர் முகவரி கொடுத்தால்

2022-இல் கிட்டங்கியில் செல்போனுக்கு வை-ஃபை கிடைக்கவில்லை என்று, வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சுவிட்சில் நாங்களே மாட்டினோம். அன்று ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் காலை பில் கம்ப்யூட்டர் ஒன்று மெயின் கம்ப்யூட்டரைக் காணோம் என்றது. கிட்டங்கிக் கம்ப்யூட்டரும் அப்படியே. மற்றவை நன்றாக ஓடின.

இந்த முறை யாரும் சத்தம் போடவில்லை. அன்று வயர் செருகிய அதே பையன், நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முகவரியையும் எழுதினான். ஓடுகிறவை எல்லாம் 192.168.1 என்று தொடங்கின. ஓடாத இரண்டும் 192.168.0 என்று தொடங்கின. ஓடாத இரண்டும் இரவில் அணைத்துக் காலையில் போட்டவை, ஓடுகிறவை இரவு முழுவதும் அணைக்காதவை என்பதையும் அவனே சொன்னான்.

விஷயம் விளங்கிவிட்டது. கடையில் முகவரி கொடுக்கும் வேலையை ஒரு ரவுட்டர்தான் செய்ய வேண்டும். நாங்கள் கொண்டுவந்த பழைய ரவுட்டரும், தன் வழக்கப்படி, புதிதாக எழுந்த கம்ப்யூட்டர்களுக்குத் தன் கணக்கில் முகவரி கொடுத்துவிட்டது. முகவரி வரிசை மாறியதால், பக்கத்து மேஜையில் இருக்கும் மெயின் கம்ப்யூட்டர் வெளியூர் என்று எண்ணிச் செய்தியை அந்தப் பழைய ரவுட்டரிடம் கொடுத்தன. அதற்கோ வழி தெரியாது. அதைக் கழற்றிவிட்டு இரண்டு கம்ப்யூட்டரையும் அணைத்துப் போட்டதும் சரியாயிற்று. மொத்தம் 20 நிமிடம்.

"ரவுட்டரை மாட்டியது யார்?" என்று அவன் கேட்டபோது, "நாங்கள்தான்" என்று சொல்ல வேண்டியிருந்தது. 2019-க்குப் பிறகு எங்கள் கடையில் ஒரு விதி: 'நான்தான் தொட்டேன்' என்று முதலில் சொல்பவருக்கு வசவு கிடையாது. அந்த விதி முதலில் எங்களுக்கே பயன்பட்டது.

நம் கையில் இல்லாத கோளாறு

எல்லாக் கோளாறும் நம் கடைக்குள் இருப்பதில்லை. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி இரவு 9 மணிக்கு மேல் வாட்ஸ்அப் நின்றது நினைவிருக்கும். மறுநாள் ஆர்டர் அனுப்ப வேண்டியவர்கள் தவித்தார்கள். பலர் செல்போனை அணைத்துப் போட்டார்கள், ரவுட்டரைப் பிடுங்கினார்கள். உண்மையில் வாட்ஸ்அப்பை நடத்தும் ஃபேஸ்புக் நிறுவனத்தின் பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு தவறான கட்டளையால், அவர்களுடைய இடத்துக்கு வரும் வழியே உலக ரவுட்டர்களின் பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது. சரிசெய்ய ஏறக்குறைய 6 மணி நேரம் ஆயிற்று. உலகப் பெரிய கம்பெனிக்கே வழி தவறும்போது நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அன்று 8.8.8.8 பதில் சொல்கிறதா என்று பார்த்தவர், நம் லைன் சரி என்று தெரிந்து, ஆர்டரைப் போனில் வாங்கியிருப்பார்.

எந்தப் பக்கம் கோளாறு என்று தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி.யும், 2018 ஏப்ரலில் இ-வே பில்லும் வந்தபிறகு இன்டர்நெட் இல்லாமல் லாரியை அனுப்புவது கடினம். லைன் மட்டும்தான் போயிருக்கிறது, கடைக்குள் சரி என்று தெரிந்தால், செல்போன் இன்டர்நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து இ-வே பில் எடுத்து வண்டியை அனுப்பிவிடலாம். சர்வீஸ்காரருக்குப் போன் செய்யும்போதும், "ஓடவில்லை" என்று சொல்வதற்கும், "ரவுட்டர் பதில் சொல்கிறது, வெளியே 8.8.8.8 பதில் இல்லை" என்று சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. தெரிந்தவரிடம் யாரும் தேவையில்லாமல் 62,000 ரூபாய் கணக்குச் சொல்ல மாட்டார்கள்.

கடையில் இருக்க வேண்டியவை

ஒன்று, எந்த வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்து சுவிட்ச் பக்கத்தில் ஒட்டுங்கள். இரண்டு, ஒவ்வொரு வயரின் இரு முனையிலும் ஒரே எண் எழுதிய சீட்டு ஒட்டுங்கள். மூன்று, பயன்படாத வயரை இரு முனையும் கழற்றிச் சுருட்டி வையுங்கள். ஒரு முனை செருகி மறுமுனை தொங்கவிட வேண்டாம். நான்கு, நன்றாக ஓடுகிறது என்று தெரிந்த வயர் ஒன்றும், சின்னச் சுவிட்ச் ஒன்றும் உபரியாக வைத்திருங்கள். ஐந்து, கம்ப்யூட்டர்களின் முகவரி, என்றைக்கு எதை மாற்றினோம் என்பதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். பேரேடு எழுதுகிற கைக்கு இது பெரிய வேலையல்ல. ஆறு, மெயின் கம்ப்யூட்டரின் கணக்கைத் தினமும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு தெருவுக்கு ஓர் உபரி சுவிட்ச் சங்கச் செலவில் வாங்கி வைத்தால், சீசன் நேரத்தில் யார் கடையில் பழுதானாலும் எடுத்து மாட்டிக்கொள்ளலாம். ஆடி மாதம் வியாபாரம் மந்தமாக இருக்கும்போது, மாலையில் ஒரு மணி நேரம், கடைக்கு ஒரு பையன் வீதம் அழைத்து இந்தப் படிகளைச் செய்து காட்டினால் தீபாவளிக்கு ஒவ்வொரு கடையிலும் விஷயம் தெரிந்த ஓர் ஆள் இருப்பார். எங்கள் கடைப் பையன் வந்து சொல்லித் தரத் தயாராக இருக்கிறான். அந்தப் பழைய வயரையும் எடுத்து வருகிறோம். இரு முனையையும் ஒரே சுவிட்சில் செருகினால் விளக்குகள் எப்படி மின்னும் என்று ஒருமுறை எல்லாரும் கண்ணால் பார்த்துக்கொள்வது நல்லது.